அசைந்தவர்கள்

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோம் இருக்கிறது. அதன் ஸ்கேன் ரூமில் கல்பனாவுக்கு வேலை, நோயாளியைப் பிடித்துக்கொள்வது. நெஞ்சில் நீர் கோத்தவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டு குனியச் சொல்வார்கள். டாக்டர் முதுகுப் பக்கம் நிற்பார். ஒரு கையால் ஸ்கேன் கருவியை முதுகில் வைத்து, ஸ்கிரீனைப் பார்த்தபடியே மறுகையால் நீரை உறிஞ்சுகிற ஊசியை விலாவுக்குள் இறக்குவார். கல்பனா எதிரில் நின்று நோயாளியின் இரண்டு தோளிலும் கை வைத்திருப்பாள்.

டாக்டர் சந்திரமோகன் தங்கமானவர் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சிரித்துப் பேசுவார், உண்மைதான். கோபப்பட மாட்டார், அதுவும் உண்மைதான். ஆனால் எந்நேரமும் அவசரம். ஊசி ஸ்கிரீனில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். கருவி கொஞ்சம் விலகினாலும், ஊசி நெட்டுக்குத்தாக இறங்கினாலும் கோடு மறைந்துவிடும். ஊசி உள்ளேதான் இருக்கும், முனை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கையை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். அவர் நிறுத்த மாட்டார். ஒரு தடவை 'ச்சு' கொட்டுவார். பிறகு "ஆடாதீங்க" என்பார்.

அது நோயாளிக்குச் சொல்வது இல்லை. கல்பனாவுக்குச் சொல்வது. அதைக் கேட்டதும் அவள் தோளை அழுத்திப் பிடித்து, "அசையாத! அசையாத!" என்று குரல் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரமே அவளுக்கு இது பழகிவிட்டது. வாசலில் தொங்கும் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஊசியும் தெரியாது, கோடும் தெரியாது. கல்பனாவின் குரல் மட்டும் கேட்கும். உள்ளே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் டாக்டர் வெளியே வந்து, "பேஷண்ட் அசைஞ்சிட்டாங்க" என்பார். அதற்கு வெளியில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. அவரவர் காதால் கேட்டதாயிற்றே!

நடுவில் கொஞ்ச காலம் ஷைனி என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்திருந்தார். அவருக்கு ஊசி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வார். கையை நிறுத்துவார். கருவியைத் திருப்பித் திருப்பி, கோடு மறுபடி தெரிந்த பிறகுதான் ஊசியை நகர்த்துவார். அவர் இருந்தவரைக்கும் அந்த ரூமில் ஒரு நோயாளிகூட அசையவில்லை. கல்பனா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. வெளியே கூட்டம் தேங்குகிறது என்று நிர்வாகம் டாக்டரம்மாவை அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. கல்பனாவின் கணவன் வசந்தகுமாருக்குப் பெரியம்மா முறை. சொந்த நிலத்தில் தானே இறங்கி நாற்று நடுகிறவள், ஒரு நாளும் படுத்து அறியாதவள். ஸ்டூலில் உட்கார்ந்தவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள். 'ச்சு' கேட்டது. "ஆடாதீங்க" கேட்டது. கல்பனா அழுத்தினாள், கத்தினாள். ஊசி நுரையீரலைக் குத்திவிட்டது. காற்று கசிந்து நெஞ்சுக்குள் நிறைய, விலாவில் குழாய் போட்டார்கள். அப்புறம் சீழ் பிடித்தது. பிழைத்து வந்தவளுக்கு வரப்பில் நடந்தால்கூட இரைத்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள்.

"சொன்னா கேக்கணும். ஒரு நிமிசம் சும்மா ஒக்கார முடியல உன்னால" என்று மகன் மோகன்ராஜ் ஊர் கேட்கக் கத்தினான். முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்பனா அங்கேதான் நின்றிருந்தாள். கொண்டுபோன கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வசந்தகுமார் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினான். மேலே கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்பவனின் கையைப் பார்த்து, பழுத்த இரும்புக் கட்டைகளைத் தூக்கி இறக்குகிற வேலை. தொங்குகிற பாரம் ஊஞ்சலாடாமல் இறங்க வேண்டும், ஆடினால் கீழே உயிர் போகும். வசந்தன் இறக்கினால் அடியில் டீ கிளாஸ் இருந்தாலும் உடையாது என்பார்கள். அவன் சம்பாதித்த பெயரெல்லாம் அந்த ஆடாத கைக்குத்தான்.

அவனுக்கும் நெஞ்சில் நீர் வந்தபோது திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். கல்பனாதான் வேண்டாம் என்றாள். "நம்ப டாக்டரு நானே பாக்கறேன்னு சொல்லிட்டாருய்யா. நான் கூடவே நிப்பேன்" என்றாள். கூட வேலை செய்கிறவள் புருஷன் என்றால் டாக்டர் நிதானமாகச் செய்வார் என்று நம்பினாள். தன் ஆஸ்பத்திரியில் தன் புருஷனுக்குத் தனி மரியாதை கிடைக்கப்போகிறது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஸ்டூலில் வசந்தன் கூண்டில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தான். டாக்டர் 'ச்சு' கொட்டினார். கல்பனா, நிறுத்துங்க சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் "ஆடாதீங்க" வந்துவிட்டது. கை தானாக அழுத்தியது. திறந்த வாயிலிருந்து "அசையாத! அசையாத!" என்றுதான் வந்தது. அவள் கைக்குக் கீழே அவன் தோள் இம்மிகூட அசையவில்லை. அடுத்த நொடி அவன் இருமினான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் மேலேயே சாய்ந்தான். அப்புறம் அதே குழாய், அதே சீழ்.

திரும்பி ஆலைக்குப் போனவனால் கிரேன் ஏணியில் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. கேட்டில் லாரி வந்தால் சங்கிலி கழற்றுகிற வேலைக்குப் போட்டார்கள். "இன்னா வசந்தா, அம்மாம் இரும்ப ஆடாம எறக்கன, ஒரு ஊசிக்கு ஆடிட்டியே!" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கிண்டல் பண்ணினான். கொஞ்ச நாள் சிரித்துப் பார்த்தான். ஒரு நாள் சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், மறுபடி போகவில்லை. கல்பனாவின் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

வீட்டில் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்து நீட்டி, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். கல்பனாவால் அதைப் பார்க்கவே முடியாது. முத்தம்மாள்தான் சாயங்காலமானால் வந்து பக்கத்தில் உட்காருவாள்.

"உடு நைனா. நானுந்தான் அசைஞ்சிட்டேன். ஒடம்பு நம்ப பேச்ச கேக்குதா இன்னா?" என்பாள். அந்த ஒரு பேச்சுதான் அவனுக்கு ஆறுதல். ஊரே சிரிக்கிற ஒரு குற்றத்தைச் செய்தவர்களாகத் தங்களை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தன் எதிரில் வந்து நின்றான்.

"நீதான எதிர்ல நின்ன? தோள்லயே கைய வெச்சிக்கினு இருந்த. மெய்யா சொல்லு. நான் அசைஞ்சனா?"

முறம் நின்றது. "இல்லய்யா. நீ அசையவே இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு அப்டி கத்தன?"

"அவருக்கு ஊசி தெரியலன்னா ஆடாதீங்கன்னுவாரு. ஒடனே நான் புடிச்சிக்கினு கத்தணும். அதான் வேல."

வசந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். "நான் அசையல. நான் அசையலடி" என்றான். எழுந்து சட்டையை மாட்டினான். ஆலை கேட்டில் போய் நின்று எல்லோரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னான். வாசற்படியைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வாசலில் முத்தம்மாள் இருமிக்கொண்டே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் மெல்லத் திரும்பினான்.

"அப்போ பெரிம்மா?"

கல்பனா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா தோள்லயும் நீதான கைய வெச்சிக்கினு இருந்த?"

அவனே போய்ச் சொன்னான். முத்தம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். கத்தவில்லை.

"எம்புள்ள என்ன நடுத்தெருவுல கிழிச்சானே, அன்னிக்கி நீ அங்கதான நின்னுக்கினு இருந்த?"

"வேல பூடும்னு பயந்துட்டேன் அத்த."

"என் ஊட்டுக்குக் கஞ்சி வேற எத்துக்கினு வந்த" என்றாள் முத்தம்மாள். அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. அன்றைக்குப் போனவள் அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. வசந்தனுக்கு இருந்த ஒரே துணையும் போயிற்று.

"நாளைக்கி நீ போவாத" என்றான் அவன்.

"போவலன்னா சோத்துக்கு?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவைத்து வாயடைக்கிற பிழைப்பை என்னவென்று சொல்ல? டாக்டரை மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

திங்கட்கிழமை அத்திப்பட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்யாணமான புதிது, கழுத்தில் மஞ்சள் கயிறு மங்கவில்லை. புருஷன் பச்சைத் துணிக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தாள். கல்பனா இரண்டு தோளிலும் கை வைத்தாள்.

'ச்சு' என்றார் டாக்டர். "ஆடாதீங்க."

கைக்குக் கீழே தோள் அசையவில்லை. கல்பனாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அழுத்திப் பிடித்தாள்.

"அசையாத! அசையாத!"

வெளியிலிருந்து புருஷன் குரல் கேட்டது. "ஏமே, அவங்க சொல்றது காதுல உழல? ஆடாம ஒக்காருமே!"