ஒரு சிலிண்டர், இரண்டு வேன்கார்டு

என் அத்தா முஸ்தபா, பழவேற்காட்டுக் கடையை விற்று 1962-ல் ஒரு பழைய வேன்கார்டு கார் வாங்கினார். திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் அதுதான் அவருடைய டாக்ஸி. முன்னால் மூவர், பின்னால் மூவர் என்று ஒரு குடும்பமே உட்காரும். அந்த வண்டியைச் செய்வது நின்றதும் பார்ட்ஸ் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அம்பாசடருக்கு மாறினார்கள். ஊரில் மிஞ்சியவை இரண்டு: அத்தாவுடையதும், கோயில் கைங்கரியக் குடும்பத்து ஆராவமுதனுடையதும்.

இரண்டுக்கும் சேர்த்து பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான் நன்றாக இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அதைக் கைமாற்றிக்கொண்டார்கள். அது இல்லாத மாதம் வண்டியை நிறுத்திவைப்பதாகப் பேச்சு. யாரும் நிறுத்தவில்லை. ஒழுகும் பழைய சிலிண்டரில் தினமும் ஆயில் ஊற்றி ஓட்டினார்கள்.

1973-ல் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சோதனைக்கு, இரண்டு வண்டிக்கும் ஒரே தேதி வந்தது. தேறாத வண்டிக்குப் பர்மிட் போய்விடும்.

ஆராவமுதன் வண்டி காலையிலேயே தேறியது. உடனே, சோதனைக்கு நின்ற லாரிகளின் மறைவில் சிலிண்டரைக் கழற்றி அத்தா வண்டியில் பூட்டினார்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அத்தா வண்டிக்கடியில் படுத்தார், ஆராவமுதன் பெடலில் கால் வைத்தார்.

“மிதி சாமி. புடி. வுடு.”

“உங்க வண்டிய கூப்பிடறா பாய். இன்னும் எத்தனை தடவை?”

“பிரபந்தம் ஓதற வேகத்துல மிதிக்காத. மெதுவா.”

பிரேக் இன்ஸ்பெக்டர் அத்தா வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். நடுவழியில் நிறுத்தச் சொன்னார். நின்றது. இறங்கும்போது அத்தாவின் முதுகில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். குனிந்து, சிலிண்டர் நட்டில் விரல் வைத்தார். ஆயில் ஈரம், இப்போதுதான் பூட்டியது.

“காலைல பாத்த வண்டிய இங்க ஓட்டிக்கினு வரச் சொல்லு.”

சாவி ஆராவமுதன் கையில் இருந்தது, அவர் வண்டியில் பிரேக் இல்லை. அத்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அமாவாசை ஏற்பாடு உட்பட.

“ஒழுகற சிலிண்டர்லதான் ஜனத்த ஏத்திக்கினு போனீங்களா?”

ஒரு வண்டிக்குத்தான் கையெழுத்து, எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். சிலிண்டர் இருந்தது அத்தா வண்டியில்.

“அவரு இஞ்சின்தான் சார் நல்லாருக்கு. என்னுத கழிச்சிடுங்க,” என்றார் அத்தா. பிறகு ஆராவமுதன் பக்கம் திரும்பி, “ஒருநா விட்டு ஒருநா உன் வண்டிய நான் ஓட்டறேன்.”

ஆராவமுதன் சாவியை நீட்டினார்.

அன்றே சிலிண்டர் திரும்பிப் போனது. அடுத்த ஆறு வருஷம் ஸ்டாண்டில் ஒரு வேன்கார்டுதான், டிரைவர் இருவர். எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற வண்டியிலிருந்து கதவு, கண்ணாடி, டைனமோ என ஒவ்வொன்றாக அதற்குப் போயின. கடைசியாக அத்தா கழற்றிக் கொடுத்தது ஸ்டியரிங்.