திருடனை விருந்துக்கு அழைத்தேன்

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். டீச்சரான என் மருமகளின் கம்ப்யூட்டரில் ஜல்லிக்கட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எதை அமுக்க வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள். திரையில் ஒரு செவலைக் காளை வந்தது. என் இருபது வயதில் எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. நான் காட்டினால்தான் தண்ணீரே குடிக்கும். அந்த நினைப்பில் எதையோ அமுக்கிவிட்டேன்.

திரை முழுக்கச் சிவப்பு. ஆம்புலன்ஸ் மாதிரி அலறல். மருமகள் ஒரு வருஷமாகச் சேர்த்த பாடமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். திரையில் பெரிதாக இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

ஒரு பையன் எடுத்தான். "ஐயா, வைரஸ் வந்திருக்கு. உடனே நான் சொல்றத செய்யலேன்னா எல்லாம் அழிஞ்சிடும்."

முகம் தெரியாதவன் உதவ வருகிறானே என்று எனக்கு மனசு உருகிவிட்டது. எங்கள் பக்கத்தில் எடுத்ததும் காரியம் பேச மாட்டோம்.

"எந்த ஊரு அப்பு? சாப்டியா?"

"அதெல்லாம் வேணாம். திரையில இருக்கிற எழுத்தைப் படிங்க."

"படிக்கத் தெரியாதப்பு. ஏணி மாதிரி ஒண்ணு இருக்கு. பக்கத்துல மாட்டுக் கொம்பாட்டம் ஒண்ணு. எங்க செவலைக்குக் கூட இப்பிடித்தான்..."

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவன் கத்த ஆரம்பித்தான்.

"கோவிக்காதப்பு. இம்புட்டு பாடுபடுற, ஒருநா வீட்டுக்கு வா. நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வைப்போம்."

"தாத்தா, ஆள விடு!" என்று போனை வைத்துவிட்டான்.

உதவ வந்தவனையும் விரட்டிவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். மருமகள் வந்ததும், "உன் பாடமெல்லாம் போச்சு தாயி," என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். "ஏன் மாமா இப்பிடி வேர்க்குது? மொதல்ல தண்ணி குடிங்க."

பிறகுதான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். எல்லாம் அப்படியே இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் களவாணிப் பய மாமா! பயங்காட்டி உள்ள பூந்து எல்லாத்தையும் உருவுறவன். அவனுக்கு நாட்டுக்கோழியா?"

இனி அந்தச் சிவப்பு வந்தால் அணைத்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். அடுத்த வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று வெட்கப்படுகிறாள். ஒரு வருஷ உழைப்பு போச்சு என்று கேட்ட பிறகும் முதலில் என் கையைப் பிடித்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.