குழாயின் முன்னால் நிற்பவர்

இன்று எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி திரும்பும் பஸ்ஸில் எங்கள் தெருத் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தீயணைப்பு நிலையத்தில் வேலை. காலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, எரிந்ததாம். தலைமுடியில் இன்னும் புகை வாடை.

“டீச்சர், உங்களுக்கும் புது பென்ஷன்தான?”

ஆமாம் என்றேன். இருவருமே புதுத் திட்டம் வந்த பிறகு சேர்ந்தவர்கள். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, அதில் பத்து சதவீதத்தை மாதாமாதம் பிடிப்பார்கள். கடைசியில் எவ்வளவு வரும் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

“எங்க ஷிப்டுல ஒரு அண்ணாச்சி, பழைய பென்ஷன் திட்டத்துல உள்ளவரு. எந்தத் தீன்னாலும் தண்ணிக் குழாய் முனையப் பிடிச்சிக்கிட்டு முன்னால அவியதான் நிப்பாவ. என்னைய விடமாட்டாவ.”

“ஏன்?”

“‘எனக்கு ஒண்ணுன்னா வீட்டுக்குக் குடும்பப் பென்ஷன் வரும்லே. உனக்கு என்ன வரும்னு எவனுக்குத் தெரியும்? பின்னால நில்லு’ம்பாவ.”

காலையில் கூரை சரிந்து விழுந்தபோதும் அவர்தான் முன்னால் நின்றிருக்கிறார். இப்போது பெரியாஸ்பத்திரியில், பேச்சில்லாமல். எட்டயபுரத்தில் அவர் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் தம்பி திரும்புகிறார்.

“இனிமே முன்னால யாரு நிப்பா?” என்று கேட்டேன்.

“மிச்சம் உள்ளவன் பூரா பத்து சதவீதந்தான் டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற எனக்கும் அதே பத்து சதவீதம்தான். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்குக் குழாயின் முன்னால் யார் நிற்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.