கூரையைப் பிரித்த கதை

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தது நான்தான். அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் குரங்கு பிரித்துவிட்டது என்பாள். பாடுபட்டது நான், பெயர் குரங்குக்கா?

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். ஏணி சறுக்கி விழுந்ததில் இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. ஆறு மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். வாசல் வரைக்கும் தூக்கிப்போகிறோம் என்றாலும், "ஊரு வேடிக்கை பாக்கவா?" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது. அம்மா மட்டும் அசரவில்லை. "இந்த மனுசன நிமித்தாம வுட மாட்டேன்" என்று தினமும் மாதா படத்தைப் பார்த்துச் சண்டைக்கு நிற்பது போலச் சொல்வாள்.

எங்கள் தெருவில் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். அதற்கு அன்பியம் என்று பெயர். பைபிளில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, மனசைத் தொட்டது எது என்று ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு டீ, சுண்டல். நான் போனது சுண்டலுக்குத்தான்.

அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிவந்த கதையை வாசித்தார்கள். இயேசு இருந்த வீட்டில் கூட்டத்தால் நுழைய வழியில்லாமல் அவர்கள் கூரையைப் பிரித்து, அவருக்கு முன்னால் அவனை இறக்குகிறார்கள். அவன் எழுந்து நடக்கிறான்.

எல்லோரும் கண்ணை மூடி வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அடுத்தவன் வூட்டுக் கூரைய பிரிச்சாங்களே, திரும்ப மூடிக் குடுத்தாங்களா?"

வாசித்தவர் பைபிளை மூடிவைத்தார். அன்று சுண்டல் சீக்கிரமே வந்துவிட்டது.

எனக்கோ வழி பளிச்சென்று தெரிந்துவிட்டது. இத்தனை பெரியவர்கள் இருந்து என்ன பிரயோஜனம், கூரையைப் பிரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! மறுநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கொய்யா மரத்து வழியாக மேலே ஏறி, கட்டிலுக்கு நேராகப் பதினோரு ஓடுகளைக் கழற்றினேன். ஒன்று நழுவி அப்பாவின் காலருகே விழுந்து உடைந்தது.

"அடிப்பாவி!"

ஆறு மாதத்தில் அவர் போட்ட பெரிய சத்தம் அதுதான். "எழுந்திரிங்கப்பா!" என்று நானும் மேலேயிருந்து கத்தினேன். அவர் எழவில்லை. அம்மா வந்து விளக்குமாற்றால் என்னைச் சாத்தினாள்.

ஐப்பசி மாதம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு அத்தையும் மாமாவும், அப்பாவோடு வேலை பார்த்த சித்தப்பாவும் ஓடிவந்தார்கள். மூன்று பேருமே அன்பியத்து ஆட்கள். அந்த மழைக்காலத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஓடு வேய வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்தியாக வேண்டும்.

"நான் வெளிய வரல" என்றார் அப்பா.

"உங்கள யாரு கேட்டது? தூக்குங்க" என்றாள் அம்மா.

மூலைக்கு ஒருவராக நாலு பேரும் பிடித்தார்கள். கட்டில் தெருவுக்கு வந்தது.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேலே ஓடு உராயும் சத்தம் கேட்கக் கேட்கத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"டேய், அந்த ஓடு சரியா ஒக்காரல. தண்ணி உள்ள வரும்டா."

"வாய் மட்டும் நல்லா இருக்குதுண்ணே. பொம்மைங்களக் கொண்டாந்து தரேன், ஒக்காந்து கண்ணு எழுது" என்றார் சித்தப்பா கூரை மேலிருந்து.

தூறல் விழும்வரை அப்பா உள்ளே தூக்கிப்போகச் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் அன்பியம் எதிர்வீட்டில். அப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். என் முறை வந்ததும், "அந்தக் கத பொய்யி. எங்கப்பா நடக்கவே இல்ல" என்று போட்டு உடைத்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அடுத்தது அப்பாவின் முறை.

"மூடிக் குடுத்தாங்க" என்றார். "நானே பாத்தேன்."

அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஓடு வேய்ந்ததைச் சொன்னதற்கு இப்படியா அழுவார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் எப்போது அழுது முடிப்பாள், சுண்டல் எப்போது வரும் என்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.