கேனில் இல்லாத தண்ணீர்

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொசு மருந்துப் புகையடித்த மறுநாளும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கொசு குறையவில்லை, டெங்கு பரவியது. புகையடிப்பவர் மருந்தில் தண்ணீர் கலக்கிறார் என்று நான்கு பேர் சொன்னார்கள். நான் நிருபராக இருந்த பத்திரிகையில் எழுதினேன். நால்வரும் ஒரே ஆளிடம் கேட்டதைச் சொன்னவர்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

பெயர் போடவில்லைதான். ஆனால் அந்தப் பகுதியில் புகை இயந்திரம் தூக்குபவர் அவர் ஒருவரே. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த முறை நான் போனபோது, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கூடியிருந்தவர்கள் முன்னால் என்னை மறித்தார்.

“அண்ணே, நான் தண்ணி கலந்ததை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“அப்புறம் எப்படி எழுதுனீங்க? கேனுல மிச்ச மருந்து இருக்கு. சோதிக்கச் சொல்லுங்க.”

“தண்ணிக்காரரே, கொசுவைக் குளிப்பாட்டுனது போதும்யா!” என்று கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பூச்சியியல் அலுவலரான ஒரு பெண்மணி சோதனைக்கு ஒப்புக்கொண்டார். புகையடிப்பவரின் கேனில் மிஞ்சிய மருந்தை ஒரு போத்தலின் உட்புறம் பூசினார். புது மருந்து டின்னைத் திறந்து, தானே அளந்து கலந்ததை இன்னொன்றில் பூசினார். மருந்தே கண்டிராத ஆய்வுகூடக் கொசுக்கள் இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்தன. அடுத்து, அந்தக் கொழுந்துப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த டயரில் எடுத்த புழுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து வந்த கொசுக்களை விட்டார். அவை இரண்டு போத்தலிலும் பறந்துகொண்டிருந்தன.

மரபணுச் சோதனையின் முடிவு வந்ததும் விளக்கினார்: “கொசு நரம்புல ஒரு கதவு இருக்கு. மருந்து அதை மூடவிடாமப் பிடிச்சு வச்சுக்கும். கொசு துடிச்சுச் சாகும். இதுங்களுக்கு அந்தக் கதவைச் செய்யுற மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கு. மருந்துக்குப் பிடி கிடைக்கல.”

“மருந்தா மாத்துச்சு?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. மாறுனது ஒண்ணு ரெண்டு முன்னமே இருந்திருக்கும். வருஷக்கணக்கா ஒரே மருந்தை அடிச்சோம். மத்ததெல்லாம் செத்துச்சு, இதுங்க பெருகிடுச்சு.”

திருத்தத்தை உள்பக்கத்தில் போடலாம் என்றார் பத்திரிகை ஆசிரியர். செய்தி வந்த இடத்திலேயே வர வேண்டும் என்றேன், வந்தது. புகையடிப்பவரை மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள்.

பெரட்டில் திருத்தத்தை அவரே உரக்க வாசித்தார். பத்திரிகையை மடித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“அக்கா, தண்ணி என் கேனுல இல்ல. உங்க டயருலதான் இருக்கு. போய்க் கவுத்துப் போடுங்க.”

இம்முறை எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.