பன்றிக்குட்டிக்கு நான் போட்ட பூஜ்யம்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது செம்பூரிலிருந்து தினமும் ஹார்பர் லைன் ரயிலேறி, பன்வேலுக்கு அப்பால் ஓர் ஆய்வுப் பண்ணைக்குத் தற்காலிக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பன்றிக்குட்டிகளுக்குப் பரீட்சை வைப்பது! சாயங்காலம் திரும்பும்போது, எவ்வளவு கூட்டமானாலும் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

பரீட்சை இதுதான். இரண்டு கதவுகள். நீலக் கதவைத் தள்ளினால் தீனி; வெள்ளைக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் நீலத்தைத் தள்ளினால் மார்க். ஆறு குட்டிகளில் ஐந்து, நாலே நாளில் கற்றுக்கொண்டன. காதோரம் கறுப்புப் புள்ளி இருந்த ஒன்று மட்டும் நகரவே நகராது. நின்ற இடத்தில் நின்று என்னையே பார்க்கும். பத்து நாளும் பூஜ்யம். ‘கற்கும் திறன் இல்லை’ என்று நான் எழுதிக் கொடுத்தால், திங்கட்கிழமை அது கசாப்பு வண்டியில் ஏற வேண்டியதுதான்.

எழுதியும் விட்டேன். கூண்டு கழுவிக்கொண்டிருந்த தாராவிப் பெண், என்னைவிடச் சின்னவள், அதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இதுவா மண்டு? ஏக்தம் ஹுஷார் அக்கா! சும்மா நின்னா நீங்களே வாழப்பழம் குடுப்பியன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுல்லா!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், வெறும் வயிற்றோடு போகிறதே என்று, நேரம் முடிந்ததும் என் டிபன் பையிலிருந்து தினமும் ஒரு துண்டு பழம் ஊட்டியது நானேதான்.

மேலதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். பரீட்சை வைத்தது நீயா, பன்றிக்குட்டியா என்று கேட்டு, செம டோஸ் விட்டார். ஆனாலும் மூன்று நாள் அவகாசம் தந்தார்.

பழத்தை நிறுத்தினேன். முதல் நாள் நிமிடம் முழுக்கக் குட்டி என்னை முறைத்தது. இரண்டாம் நாளும் அதே கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் என் வெறுங்கையை ஒருமுறை பார்த்தது. விறுவிறுவென்று போய் நீலக் கதவை மூக்கால் முட்டித் திறந்தது. திங்கட்கிழமை வண்டி அது இல்லாமலே கிளம்பியது.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். கேள்வி கொடுத்தால் எழுதாமல் என் முகத்தையே பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பூஜ்யம் போடப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு நான் எதைக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.