அண்ணனுக்கு வாங்கிய ஸ்டியரிங்

இன்று அண்ணனோடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கார் பந்தய விளையாட்டுக்கு விலை குறைந்த ஸ்டியரிங் வாங்கத்தான்.

மேரு என்ற ஊரில் லோரி ஓட்டியவர் அண்ணன். போன வருட விபத்துக்குப் பிறகு அவருடைய வலது கால் அசைவதில்லை. ஓட்டுவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதுமில்லை.

கடைக்காரர் காலால் மிதிக்கும் பெடல் வைத்த பெரிய செட்டையே காட்டினார்.

"மலிவானது சின்னப் பிள்ளைங்க சாமான் லா அக்கா. இதுதான் அசல் கார் மாதிரி."

அண்ணன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

நான் நகரவில்லை.

"பாஸ், எங்க அண்ணனுக்குக் கை ரெண்டும் நல்லா இருக்கு. கையாலேயே எல்லாம் செய்யற மாதிரி இருக்கா?"

கீழ்த்தட்டிலிருந்து அந்த மலிவான ஸ்டியரிங்கே வந்தது. பின்பக்கம் இரண்டு பிடிகள்: வலதை இழுத்தால் வேகம், இடதை இழுத்தால் பிரேக்.

கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தார். முதல் வளைவிலேயே அண்ணன் சுவரில் மோதினார். இரண்டாவது சுற்றில் தப்பித்தார். மூன்றாவதில் எல்லாக் கார்களையும் முந்திவிட்டு, "பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்று குறை சொன்னார்.

வண்டியைப் பற்றி அண்ணன் குறை சொல்லி எவ்வளவு காலமாயிற்று! அப்போதே வாங்கிவிட்டேன்.

அவர் சாப்பிடும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரை அவரிடமிருந்து மீட்க வழி தெரிந்தவர்கள் உடனே பதில் போடுங்கள்.